மரவள்ளி யாருக்காக?

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் கவியரங்கத்தில் கொடுத்த சால்வை கிடந்தது.

“என்னை முழுசா படிக்கவே வுடல அண்ணி” என்றாள் அவள், பரிசு வாங்கியவளைப் போல.

“யாரு?”

“சனந்தான். ‘இந்த மரவள்ளி யாருக்காகக் கிழங்கு வைக்கிறது?’ன்னு படிச்சேன். ஒவ்வொரு வரியையும் ரெண்டு வாட்டி படிப்பமில்ல, அதுக்கு மூச்சு இழுக்கிறதுக்குள்ள பின்னாடியிருந்து ஒரு அம்மா ‘காட்டுப்பன்னிக்குத்தான்’னுச்சி.”

“அய்யய்யோ. சிரிச்சிட்டாங்களா?”

“சிரிச்சாங்களாவா? ரெண்டாவது வாட்டி கேக்குறேன், மொத்தக் கூட்டமும் ‘காட்டுப்பன்னிக்குத்தான்’னுது.”

“வெக்கமா இல்ல உனக்கு?”

“இன்னா வெக்கம்? எப்பவும் கை தட்டுவாங்க. புடிச்சித் தட்டுறாங்களா, முடிஞ்சிதேன்னு தட்டுறாங்களா, ஒண்ணும் தெரியாது. இன்னிக்கிதான் கேட்டுக்கினு இருக்காங்கன்னே தெரிஞ்சிச்சி. இந்தச் சால்வைய அந்தம்மாவுக்குப் போத்தலாம்னு பின்னாடியே ஓடினேன். அதுக்குள்ள மலைக்குப் போற பஸ்ஸு ஏறிடுச்சி.”

அண்ணி அந்தச் சால்வையை எடுத்து மடித்தாள். மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அடுத்த வரி ‘நிலாவுக்காக’ன்னு வூட்ல சொல்லிக் காட்டினியே, அதையாவது படிச்சியா?”

“அதெப்பிடி அண்ணி படிக்கிறது? நம்ம கொல்லையிலயும் பன்னிதானே திங்கிது.”