ஒரு சாண் வலப்பக்கம்

— அத்தை, ரைபிளைத் துடைச்சது போதும். கீழ வச்சிடுங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்.

— கை பாட்டுக்குத் துடைக்கும் மாப்ள, காது பாட்டுக்குக் கேக்கும். நீங்க பேசுங்க. அந்தப் பழைய துணியை மட்டும் இப்படி நகத்துங்க, மேசையில எண்ணெய் சொட்டுது.

— அதாவது... என் சாஃப்ட்வேரை வாங்கினவங்கள்ல நாப்பது பேர் எழுதியிருக்காங்க. தொள்ளாயிரம் மீட்டர்ல குண்டு ஒரு சாண் வலப்பக்கம் போகுதாம். அத்தனை பேருக்கும் அதே ஒரு சாண்.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். காத்து, வெயில், தூரம்னு எல்லாத்தையும் போட்டா, துப்பாக்கி மேல இருக்கற ஸ்கோப்பை எத்தனை கிளிக் திருகணும்னு உங்க கணக்கு சொல்லுது. மிச்சத்துக்குக் கை வேணும்ல? மூணு வருஷமா நான் அதை வச்சுத்தானே சுடறேன். எனக்கு நடுவுலதானே விழுது.

— அதான் அத்தை பிரச்சினையே.

— நடுவுல விழறது பிரச்சினையா?

— அதாவது... மூணு மணிக்கு ரைபிள் சங்கத்துல என் சாஃப்ட்வேருக்குச் சோதனை. வேற ஒருத்தர் சுடப் போறார். இன்னைக்கும் வலப்பக்கம் போச்சுன்னா வேண்டாம்னு தள்ளிடுவாங்க. இதை நம்பி வேலையை விட்டவன் நான்.

— தெரியும். என் பொண்ணு வாரத்துக்கு நாலு தடவை சொல்றா.

— தப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் அத்தை. எடுக்கறது ரெண்டு நிமிஷ வேலை. ஆனா எடுத்தா, சனிக்கிழமை போட்டியில உங்க குண்டு இடப்பக்கம் போயிடும்.

— என் குண்டு மட்டும் ஏன் போகணும்? இந்தா பாருங்க மாப்ள, சுத்தி வளைக்காம சொல்லுங்க.

— கோவிச்சுக்கக் கூடாது.

— அதை நான் பாத்துக்கறேன்.

— ட்ரிக்கரை அழுத்தும்போது உங்க கை லேசா இடப்பக்கம் போகுது. ரொம்ப லேசா. அவ்வளவு தூரத்துல அது ஒரு சாண் ஆயிடுது. உங்ககிட்ட சொல்ல பயந்துட்டு, அந்த ஒரு சாணை வலப்பக்கமா கணக்குலயே சேத்துட்டேன். அது அப்படியே விற்பனைக்கும் போயிடுச்சு.

— என் கை போகுதா. இருபத்தாறு வருஷமா சுடற கை.

— உங்க பொண்ணும் எச்சரிச்சா. ‘எங்கம்மாகிட்ட போய் கையில கோளாறுன்னு சொல்லிட்டு அப்புறம் இந்த வீட்டுல சோறு கேக்காதீங்க’ன்னா.

— அவ கெட்டிக்காரி. எப்பலேருந்து போகுதாம்?

— என் கணக்கை வச்சு நீங்க சுட ஆரம்பிச்ச ரெண்டாம் நாள்லேருந்து. மொத நாள் நீங்க சுட்டதெல்லாம் வலப்பக்கம் விழுந்துச்சு. நீங்ககூட காத்துன்னு சொன்னீங்க.

— சொன்னேன்.

— காத்து இல்ல அத்தை. குண்டு சுழண்டுகிட்டே போறதால தானாவே கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கும். அதைச் சேக்க மறந்துட்டேன். வீட்டுக்கு வந்ததும் சரி பண்ணிட்டேன்.

— சரி பண்ணிட்டீங்களா? அன்னைக்கேவா?

— அன்னைக்கே. மாமியார் முன்னாடி மொத நாளே தப்பை ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு, சொல்லல. மறுநாள் நான் போய்க் குறி அட்டையைப் பாத்தா அத்தனையும் இடப்பக்கம். எல்லாம் நடுவுலன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டு, அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டு, அந்த ஒரு சாணைச் சேத்தேன். ஏன் அத்தை சிரிக்கறீங்க?

— மொதல்ல அதை எடுத்துடுங்க மாப்ள. மணி ஒண்ணாச்சு.

— அப்ப சனிக்கிழமை உங்க கை?

— கைக்கு ஒண்ணுமில்ல. காத்துன்னு சும்மா சொன்னேன்; அந்த மொத நாள் ஒரு இலைகூட அசையல, உங்க கணக்குதான் தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். அவ்வளவு ஆசையா கொண்டுவந்த மாப்பிள்ளைகிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னு, மறுநாள்லேருந்து நானே ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிக் குறி வச்சுகிட்டிருக்கேன்.