அலுமாரிக்குப் பின்னால்

இல்லை ஐயா, அந்த ரவுட்டரை அங்கே வைத்தது ஜுனைதீன் தம்பி இல்லை. அவர் வைத்த இடம் நல்ல இடம். நடைவழியின் நடுவில், கதவு நிலைக்கு மேலே ஆணி அடித்து, அதில் மாட்டிவிட்டுத்தான் போனார். பிறகு அதைக் கழற்றி இரும்பு அலுமாரிக்குப் பின்னால் வைத்தவள் நான். இதற்காக அவரை நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. இன்று காலை இந்த வீட்டில் அவர் கண்டதே அவருக்குப் போதும்.

நீங்கள் எழுதிக்கொள்வதற்கு வசதியாக ஆறுதலாக, நிதானமாகவே சொல்கிறேன், புஹாரி ஐயா. பதுளையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள் நான். விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாத பிள்ளைக்கு முழுப் புள்ளி போட்டதில்லை. மரண விசாரணை அதிகாரி என்றால் உங்களுக்கும் வழி தெரிய வேண்டும்தானே.

நடைவழியில் கிடந்தவர் என் கணவர் கனகரத்தினம். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஹாலிஎலவில் இந்த வீட்டை வாங்கினோம். வெள்ளைக்காரர் காலத்து வீடு. சுவர் எல்லாம் கருங்கல். போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. பின் அறையில் கட்டிலைப் போட்டுக் கிடத்தினோம். அந்த அறையில் வெயில் வரும். அவருடைய வசதியைப் பார்த்துத்தான் அந்த அறையைத் தெரிவு செய்தேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, கீர்த்திகன். இரண்டாயிரத்து ஏழில் கொழும்பில் அவன் தங்கியிருந்த அறையிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். விட்டபோது தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க அவனுக்குக் கை நிற்கவில்லை. அதன் பிறகு எப்படியோ கனடாவுக்கு அனுப்பிவிட்டோம். அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. இடையில் திரும்பி வந்தால் வழக்கும் போய்விடும், ஆளும் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். இதை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் செய்தது எல்லாம் இதனால்தான்.

தகப்பனுக்குச் சுகமில்லை என்று தெரிந்ததும் இன்டர்நெட் எடுக்கச் சொன்னவன் அவன்தான். தெரிந்த ஒருவரிடம் லப்டொப்பும் ரவுட்டரும் கொடுத்துவிட்டான். "அப்பாவின்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை லப்டொப்பை வைச்சால் சரியம்மா. வயர் ஒண்டும் தேவையில்லை. நான் அவரை ஒவ்வொரு நாளும் பாப்பன்" என்றான்.

இன்டர்நெட் பூட்டிக்கொடுக்க ஜுனைதீன் தம்பி வந்தார். மோடம், டெலிபோன் வயர் வருகிற இடத்தில், அதாவது இந்த ஹோல் மூலையில்தான் இருக்க வேண்டுமாம். ரவுட்டரை வேண்டிய இடத்துக்கு வயர் இழுத்துக் கொண்டுபோகலாமாம். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"டீச்சர், இது வெளக்கு மாதிரித்தான். நடு வீட்டுல, ஒசரத்துல வெச்சா எல்லா ரூமுக்கும் படும். கல்லுச் செவுருக்கு இந்தப் பக்கம் வெச்சா அந்தப் பக்கம் இருட்டு."

"வைக்கக்கூடாத இடம் எது, தம்பி?"

நல்ல ஆசிரியர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். நிலத்தில் வைக்கக்கூடாது. பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் கூடாது. இரும்பு அலுமாரிக்குப் பின்னால் வைக்கவே கூடாது. "அப்படி வெச்சா, டீச்சர், வாங்காமலே இருந்திருக்கலாம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்குப் பிளேன்ரீ கொடுத்து அனுப்பினேன்.

முதல் நாள் வீடியோ கோலை நான் ஹோலில் இருந்தே எடுத்தேன். பிள்ளையின் முகம் நன்றாகத் தெரிந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தான். "அம்மா, அப்பாட்டைக் கொண்டு போங்கோ" என்றான். அவர் நித்திரை என்றேன். அவர் நித்திரை இல்லை. எனக்கு யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்து, எச்சில் வடிய, தோட்டத்தையே எழுந்து நிற்க வைத்த மனிதர் துணியைப் போலக் கிடக்கிறதை அவன் கண்டால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான். அவன் தகப்பனுடைய பிள்ளை. அன்றிரவு கதிரையில் ஏறி ரவுட்டரைக் கழற்றினேன். ஹோலில் இருக்கிற இரும்பு அலுமாரிக்குப் பின்னால், கண்ணாடிப் பக்கமாக, நிலத்தில் வைத்தேன். தம்பி சொன்ன மூன்றையும் ஒன்றாகச் செய்தேன்.

அடுத்த நாள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். யாரும் நான் காட்டவில்லை என்று சொல்லக்கூடாது. நடைவழி திரும்பும் மட்டும் திரையில் பிள்ளை அசைந்துகொண்டிருந்தான். அறைக்குள் போனதும் நின்றுவிட்டான். பாதிக் கண் மூடி, ஏதோ சொல்ல வாய் எடுத்தபடி. இவர் இடது கையைத் தூக்கி அந்த முகத்தில் வைத்தார். தடவினார். அது அசையவில்லை.

"பாத்தீங்கள்தானே, இஞ்சை சிக்னல் இல்லையப்பா" என்றேன்.

ஹோலுக்குத் திரும்பி வந்ததும் பிள்ளை உயிர் வந்தவன் மாதிரிக் கதைத்தான். அவன் பக்கத்திலும் அப்பா உறைந்துதான் தெரிந்தாராம். "அப்பா அழுதவரோ, அம்மா?" என்று கேட்டான். இல்லை, சிரித்தார் என்றேன்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காகப் போனது. கல்லுச் சுவர் என்று பிள்ளையிடம் சொன்னேன், அது உண்மை. அப்பா இந்தக் கோலத்தில் உன் முன்னால் வர வெட்கப்படுகிறார் என்றும் சொன்னேன். அது உண்மையாக இருந்திருக்கலாம். அவன் வேலைக்குப் போவதற்கு முன்னால், எங்களுக்குப் பின்னேரம் விளக்கு வைத்த பிறகு, எடுப்பான். நான் முகம் கழுவி, தலை சீவி, வேறு சேலை உடுத்துக்கொண்டு உட்காருவேன். அவன் என்னைப் பார்த்து, "என்னம்மா, சின்னப் பெட்டை மாதிரி இருக்கிறியள்" என்று பகிடி பண்ணுவான்.

சத்தம் வேறு விஷயம். சத்தத்துக்கு ரவுட்டர் தேவையில்லை.

"ஆரோடை... கதைக்கிறாய்?" என்று பின் அறையிலிருந்து கேட்பார். அந்த வார்த்தைகளைச் சொல்லி முடிக்க அவருக்குப் பெரும்பாடு.

"டீவியப்பா. நாடகம்."

"கீர்த்தி... மாதிரி."

"அந்த நாடகத்திலை வாற பெடியன். எல்லாருக்கும் அவன்ரை குரல் எண்டுதான் உங்களுக்குக் கேக்குது."

பிள்ளை இப்போது அடிக்கடி எடுப்பதில்லை, வேலை கூடிவிட்டது என்று இவரிடம் சொல்லியிருந்தேன். முதலில் நம்பினார். பிறகு நம்பாதவர் மாதிரிப் பார்த்தார். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டுக் கதவுப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தார்.

அவரைக் கழுவித் துடைக்க வருகிற இராக்கம்மாவை நீங்கள் விசாரித்தீர்கள். அவள் சொன்னது சரி. என்னிடம் கேட்டாள்தான்.

"அம்மா, சின்னய்யா பேசுறது ஐயாவுக்குக் கேக்குதுங்க. அந்த நேரம் பாத்து சோறு எறங்க மாட்டேங்குது. ஒருக்கா அந்தப் பொட்டிய இங்கிட்டுத் தூக்கியாந்து காட்டுங்களேன்."

"இங்கே வேலை செய்யாது, இராக்கம்மா."

"ஐயாவ தூக்கிட்டுப் போவமா? எம் மருமயன வரச் சொல்றேன். ரெண்டு பேரா நாற்காலியோட தூக்கிறலாம். ஐயா இப்ப பஞ்சு மாதிரி இருக்காரு."

இது எனக்குத் தோன்றாமல் இல்லை. மறுநாளிலிருந்து அவளைப் பின்னேரம் நேரத்தோடே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

வடக்கில் சண்டை முடிந்ததும் பிள்ளை, "இனி பயமில்லைத்தானே அம்மா, வந்து பாத்திட்டு வாறன்" என்று தொடங்கினான். வழக்கு முடியட்டும் என்றேன். போன மாதம் வழக்கும் நல்லபடியாக முடிந்தது. உடம்பில் சதை போட்டுக்கொண்டு வா, அப்பா பார்த்தால் கவலைப்படுவார் என்றேன். இது சின்னக் காரணம்தான். ஆனால் அந்த நேரம் எனக்கு அது போதுமானதாகப் பட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்டீர்கள் என்பதற்காக. இல்லை, நாங்கள் சண்டை பிடிப்பதில்லை. அவர் நல்ல மனிதர். அவருக்கும் பிள்ளைக்கும் கதைக்க எப்போதும் ஏதாவது இருந்தது. கிரிக்கெட், அரசியல், றெயில் பாதை. சாப்பாட்டு மேசையில் அவர்கள் கதைப்பது என் தலைக்கு மேலால் போகும். நான் சோறு போடுவேன். அவன் போன புதிதில் டெலிபோன் எடுப்பான். இவர்தான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசியில், "இந்தா, கொம்மா ஏதோ கேக்கவேணுமாம்" என்று என்னிடம் நீட்டுவார். நான் "சாப்பிட்டியோ?" என்று கேட்பேன். அவன் "ஓம்" என்பான். டெலிபோன் கார்ட்டில் காசு முடிந்துவிடும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் பிள்ளை சந்தோசமாக இருந்தான். தைப் பொங்கலுக்கு வருகிறானாம், டிக்கட் போட்டுவிட்டானாம். அது மட்டும் இல்லை. அவ்வளவு நாளும் பொறுக்க ஏலாது, ஜுனைதீன் தம்பியோடு கதைத்து, பின் அறைக்கும் சிக்னல் போகும்படி இன்னொரு பெட்டி போடச் சொல்லியிருக்கிறானாம். "அப்பாட்டைச் சொல்லுங்கோ அம்மா, இந்தக் கிழமையே அவரோடை கதைப்பன் எண்டு." கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னான். அவனுக்கு அப்படியே தகப்பனுடைய குரல்.

அப்போதுதான் பின் அறையில் ஏதோ விழுந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் துணி நிலத்தில் இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு பார்த்தேன். நடைவழி திரும்புகிற இடத்தில், இடது முழங்கையை ஊன்றி, மீதி உடம்பை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். நெற்றியில் இரத்தம். அவருக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வந்தால் பிள்ளையின் கண்ணில் பட்டுவிடுவார். லப்டொப்பை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

"என்னம்மா சத்தம்?"

"பூனையடா. சட்டியைத் தட்டிப்போட்டுது."

அவர் பிள்ளையின் பெயரைச் சொல்லப் பார்த்தார். முதல் எழுத்துக்கு மேல் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, அங்கே குளிரா என்று கேட்டேன். நேற்றுச் சமைத்த பருப்புக்கு உப்புக் கூடிவிட்டது என்றான். உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டுக் கொதிக்கவிடச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று கேட்டான். விளக்கமாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமாக இல்லை. நான் திரும்புவேன் என்று நம்புகிறவர் மாதிரி.

கோல் முடிந்த பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உயிர் இருந்தது. ஐயா, அதை எழுதிக்கொள்ளுங்கள். உயிர் இருந்தது. தலையணை கொண்டுவந்து தலைக்கு வைத்தேன். போர்வையால் மூடினேன். பிள்ளை சுகமாக இருக்கிறான் என்று சொன்னேன். பிறகு எழுந்து போய் டெலிபோன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதான். ஐப்பசி மாதம் பின்னேரம் ஆனால் இடி. வயரைப் பிடுங்காவிட்டால் மோடம் எரிந்துவிடும். அந்த ஒரு வயரில்தான் டெலிபோனும் இருக்கிறது. நேற்று இடி இடித்ததா என்றா கேட்கிறீர்கள்? இடிக்கவில்லை. இடிக்கும் போல இருந்தது.

வயர் இருந்திருந்தால் நான் அம்புலன்ஸுக்கு எடுத்திருப்பேன். பதுளை ஆஸ்பத்திரி தூரம் இல்லை. ஆஸ்பத்திரி என்றால் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தால் பொங்கல் வரும் மட்டும் பொறுத்திருக்க மாட்டான். வந்தால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவான். அவர்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே இருப்பார்கள். நான் எழுந்து வயரைத் திரும்பக் கொழுவவில்லை. விடியும் முன் அவர் போய்விட்டார்.

காலையில் கதவைத் தட்டியது இராக்கம்மா என்றுதான் நினைத்தேன். ஜுனைதீன் தம்பி நின்றார். "கீர்த்திகன் அண்ணன் ராவு முழுக்க வீட்டுக்கு அடிச்சிருக்கார், டீச்சர். லைன் போகல்லயாம். பூனைன்னு சொன்னீங்களாம், ஒங்க வீட்டுல பூனையே இல்லையேன்னு கேட்டார். விடிஞ்சதும் போய்ப் பாக்கச் சொன்னார்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர் நடைவழியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

பூனை இல்லைத்தான். அவன் சின்ன வயதில் ஒன்று இருந்தது. நான் மறந்துவிட்டேன்.

பிள்ளைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. லைன் பழுது, வீட்டில் எல்லோரும் சுகம் என்று தம்பியைச் சொல்லவைத்தேன். பாவம், அவருக்குப் பொய் வராது. பிறகு, கை ஓயாமல் இருக்க வேண்டும் என்றோ என்னவோ, அலுமாரிக்குப் பின்னால் கிடந்த ரவுட்டரை எடுத்துத் தூசு துடைத்துப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டார். வயரையும் கொழுவிவிட்டார். இப்போது பின் அறைக்கும் நன்றாகச் சிக்னல் போகிறதாம். பச்சை விளக்குகள் எரிகின்றன, பாருங்கள்.

என்னைக் கொண்டுபோக வேண்டும் என்றால் வருகிறேன். அதற்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒரேயொரு உதவிதான், புஹாரி ஐயா. பின்னேரம் பிள்ளை கோல் எடுப்பான். உங்கள் ஆட்களிடம் சொல்லி என் கணவரை ஹோலுக்குக் கொண்டுவராமல், அது முடியும் மட்டும் இப்போது கிடத்தியிருக்கிற பின் அறையிலேயே கதவைச் சாத்தி வைத்திருக்க முடியுமா? நான் முகம் கழுவிக்கொண்டு வந்துவிடுகிறேன். அது அவன் என்னோடு கதைக்கிற நேரம்.