ஆளுக்கொரு நிரை, ஆளுக்கொரு பொருளியல்

மலைமுகட்டை மூடுபனி மறைத்தாலும், மழை இந்தக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கூரையில் மத்தளம் கொட்டினாலும், மனம் தளராமல் வந்து கூடியிருக்கும் மாண்புடையோரே! இந்த அவைக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும், ஹட்டன் நகரில் பொருளியல் பயிற்றும் பெருந்தகை, யாழ்ப்பாணம் எங்களுக்கு அனுப்பிய ஆசிரியை, திருமதி சிவனேஸ்வரி அம்மையார் அவர்களே! கோயில் கமிட்டித் தலைவர் அவர்களே! வருவதாகச் சொல்லி வராதிருக்கும், தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அவர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தாய்மார்கள் வந்ததால் வந்திருக்கும் தந்தைமார்களே! மின்சாரம் இருக்கும்வரை ஒலிபெருக்கி தந்துதவும் நோர்வூட் அன்பரே! உங்கள் அனைவரையும், நமது வாசிகசாலையின் செயலாளரும் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளையுமாகிய அழகன், இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

வாசிகசாலைக்கு இன்று ஆண்டு விழா. நாம் கேட்டது எது? வந்தது எது? கேட்டது கதைப் புத்தகம். கேட்டது சமையல் புத்தகம். கொழும்பில் இருக்கும் ஒரு நல்ல மனிதர் பெட்டி அனுப்பினார். பெட்டியைத் திறந்தோம். பொருளியல். அடியில் கை விட்டுப் பார்த்தோம். அங்கும் பொருளியல். சந்தைப் பொருளியல், உழைப்பே மதிப்பு என்னும் பொருளியல், அரசு செலவழித்தால் நாடு பிழைக்கும் என்னும் பொருளியல், சூழல் பொருளியல், பெண்களின் வீட்டு உழைப்பைப் பேசும் பொருளியல். ஒரு பஞ்சம் வந்தால் அதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லும் நூல்கள். திருப்பி அனுப்பிவிடலாம் என்றார்கள் சிலர். அதற்குள் லொறி கினிகத்தேனையைத் தாண்டிப் போய்விட்டது. ஆகவே படிப்பதென்று தீர்மானித்தோம்.

எப்படிப் படிப்பது? இங்கேதான் அடியேனின் அனுபவம் கைகொடுத்தது. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலை மலையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை பிரித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அவள் நிரையில் அவள் கொழுந்தெடுப்பாள். அடுத்தவள் நிரையில் கை வைக்க மாட்டாள். வைத்தால் சண்டை வரும், சண்டை கணக்கப்பிள்ளையிடம் வரும். எனவே புத்தகத்தையும் அப்படியே பிரித்தேன். ஒருத்திக்கு ஒரு புத்தகம். அவள் புத்தகத்தை இன்னொருத்தி தொடக்கூடாது. இந்த முறையில் குறை ஏதும் இருப்பதாக எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மேல் வரிசை வீடுகளான மேல்லயத்து வேலாயி அக்காவுக்குச் சந்தைப் பொருளியல் போனது. அவர் மருமகள் பிரியந்திக்கு வீட்டு உழைப்புப் பொருளியல். உழைப்பே மதிப்பு என்னும் நூல் என் மனைவி வீரம்மாவுக்குப் போனது. அதை நான் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார்.

விளைவு என்ன? விளைந்தது என்ன? ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பின் முன், வேலாயி அக்கா மருமகளிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்டார். இந்தத் தண்ணீரைச் சுமக்கும் சம்பளமில்லாத உழைப்பின்மேல்தான் நாட்டின் மொத்த உற்பத்தியும் நிற்கிறது என்று மருமகள் விளக்கினார். பிடிக்காவிட்டால் போட்டி நிலவும் வேறு வீட்டுக்குப் போகலாம், சந்தை திறந்தே இருக்கிறது என்று மாமியார் பதில் சொன்னார். நடுவில் இருந்த மகன் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டிலோ, சோற்றைப் போடுமுன், இந்தச் சோற்றில் யாருடைய உழைப்பு உறைந்திருக்கிறது என்று வீரம்மா கேட்டார். நான் எழுந்து தட்டைக் கழுவினேன். அது கொள்கை ஏற்பு அல்ல, பசி.

அம்மையார் ஒருநாள் வந்து மூவரின் வாதத்தையும் பொறுமையாகக் கேட்டார். "மூண்டு பேர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. ஒருத்தியின்ர புத்தகத்தை மற்றவளும் வாசிச்சால் நல்லது" என்றார். மறுத்துவிட்டேன். அம்மையார் சிறந்த ஆசிரியை. ஆனால் அவர் மலையில் நிரை பிரித்ததில்லை.

இப்படி அமைதியாகச் சென்றுகொண்டிருந்த அறிவுப் பயணத்தில்தான் தோட்ட நிர்வாகத்தின் புதிய திட்டம் வந்தது. நாட்சம்பளம் இனி இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு தேயிலை நிலம். நாமே பார்க்க வேண்டும், நாமே பறிக்க வேண்டும், கொழுந்தை நிர்வாகத்துக்கே விற்க வேண்டும். கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா? படித்தவர்களைக் கேட்போம் என்று லயமே திரண்டு வாசிகசாலைக்கு வந்தது. போடுங்கள், அது சுதந்திரம் என்றார் வேலாயி அக்கா. போடாதீர்கள், அது சுரண்டல் என்றார் வீரம்மா. இன்னும் புத்தகத்தை முடிக்காத பிரியந்தியின் முடிவை ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கேட்பதென்று கலைந்தோம். கலைந்தோமா? கட்சி பிரிந்தோம். மேல்லயம் சந்தை, கீழ்லயம் உழைப்பு. திருவிழாவுக்கு மேளம் யார் சொல்வது என்பதில்கூடப் பொருளியல் புகுந்தது.

அந்த வாரம் பிரியந்தியின் கைக்குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். புத்தகத்தில் பாதி கிடக்கிறது. என்ன செய்வது?

தாய்மார்களுக்குத் தெரியும். ஒருத்தி நிரையில் பின்தங்கி நிற்க, நிறுவைக்கு நேரமாகிவிட்டால், தன் நிரையை முடித்தவள் போய்க் கைகொடுப்பாள். அது மட்டும் குற்றமில்லை. அப்படிப் போகிறவள் மறுமுனையிலிருந்துதான் பறித்துக்கொண்டு வருவாள். வேலாயி அக்கா அதைத்தான் செய்தார். மருமகள் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்க, மாமியார் அந்தப் புத்தகத்தை எடுத்தார். கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாசித்தார். உலகத்தில் எந்தப் பொருளியல் நூலும் இப்படி வாசிக்கப்பட்டதில்லை என்று அம்மையார் என்னிடம் சொன்னார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கடைசி அத்தியாயம் எதைப் பற்றியது? நிலமும் சொத்தும் எவர் பெயரில் இருக்கின்றன என்பதைப் பற்றியது. வேலாயி அக்கா வாசிப்பதை நிறுத்தினார்.

"ஏம்மா, இந்தத் திட்டத்துல யாரு பேர எழுதுறாங்க?"

"குடும்பத் தலைவரு பேரத்தான் அத்தை."

"கொழுந்து எடுக்கிறது நாம. நம்ம பேரு எங்க?"

அந்தக் கேள்வியோடு அவர் மழையில் நனைந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்சி பிரிந்த நாளிலிருந்து எங்கள் வாசல் மிதிக்காதவர் வந்தார். அடுப்படியில் நின்றே பேசினார்கள்.

"ஒப்பந்தம் போடுறவ தன் விருப்பத்துல போடணும்னு என் புஸ்தகம் சொல்லுது வீரம்மா. எம் புருஷன் எனக்காக விருப்பப்பட முடியாது."

"வேல செஞ்சவளுக்குத்தான் அது சொந்தம்னு என் புஸ்தகமும் சொல்லுது. உக்காருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

பேரவையோரே! பல்கலைக்கழகங்களில் பகைத்து நிற்கும் கொள்கைகள், பக்கம் பக்கமாய் ஒன்றையொன்று பழிக்கும் கொள்கைகள், என் வீட்டுப் புகையடுப்பின் முன்னால் ஒரே ஒரு வரியில் ஒன்றுபட்டன. தவறாக எண்ண வேண்டாம். திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் அவர்கள் இன்றும் சண்டைதான். இந்த மேடைக்கு வரும் வழியில்கூடச் சண்டைதான். ஆனால் எவர் பெயர் என்பதில் சண்டையில்லை.

நேற்று, பிரியந்தியையும் சேர்த்து, மூவரும் துரையிடம் போய்க் கேட்டார்கள். துரை மரியாதையாகவே பேசினார். குடும்பத் தலைவர்களே முன்வந்து நாளைக் காலை, பெயர் கூப்பிடும் பெரட்டில் சொன்னால் பெயரை மாற்றித் தருவதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னாராம். ஆண்கள் சொல்ல மாட்டார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பெயர் மாறாவிட்டால் என்ன போய்விடப் போகிறது? சொல்கிறேன். இன்று செக்ரோல் என்னும் வேலையாள் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது. அவள் வேலைக்கு அவள் பெயர். அவள் சேமலாப நிதிக்கு அவள் பெயர். நாளை கையெழுத்தானால் அதே மலை, அதே செடி, அதே கூடை, அதே குளிர், அதே அட்டைக்கடி. பெயர் மட்டும் இருக்காது. தான் பறிக்கும் செடிக்குத் தானே சம்பளமில்லாக் கையாள் ஆவாள். நாட்டைவிட்டு அனுப்பியபோதும், பிரஜாவுரிமை பறித்தபோதும் பெயருக்காகவே போராடிய மக்கள் நாம். இப்போது நம் வீட்டுப் பெண்களின் பெயரை நம் கையாலேயே அழிக்கலாமா?

பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார், குடும்பம் ஒன்றுதானே, யார் பெயரில் இருந்தால் என்ன என்று. நல்ல கேள்வி. ஒன்றுதான் தம்பி. மனைவி பெயரில் இருந்தாலும் ஒன்றுதான். அப்படியே எழுதிவிடுவோம். தம்பி உட்கார்ந்துவிட்டார்.

தந்தைமார்களே! எனக்குப் பயமாக இருக்கிறது. இதை ஒலிபெருக்கியில் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. நாளை நான் ஒருவன் மட்டும் வாய் திறந்து, மற்றவர்கள் மண்ணைப் பார்த்து நின்றால், துரையின் சிரிப்பே சரியாகிவிடும். நான் ஒரு கொழுந்தும் கிள்ளியதில்லை. மலையில் நின்று, குறைவாக எடுத்தவளை ஏசியிருக்கிறேன், அது என் வேலை. ஆனால் அந்தத் துண்டுத் தேயிலைக்கு எழுதியிருப்பது என் பெயர். என் பெயரைக் கூப்பிடும்போது, "அந்தப் பேர வெட்டுங்க, வீரம்மான்னு எழுதுங்க" என்று நான் சொல்லப்போகிறேன்.

அதன் பிறகு அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். அது உங்களில் ஒருவருடைய பெயர்.

தலைமை தாங்கிய அம்மையாருக்கும், தாங்கிக்கொண்ட தாய்மார்களுக்கும், தேத்தண்ணி தந்த இளைஞர்களுக்கும், இதுவரை அணையாத மின்சாரத்துக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. விடிந்தால் பெரட்டு. வணக்கம்.