நாற்பது நிமிடம் அசையாத கொடிக்கு

பந்தயப் பாதையின் பாதுகாப்பே! பதறாத கையின் பெருமையே! நம் நாட்டு மோட்டார் சங்கத்தின் தொடக்கக் கொடியை இருபத்தொன்பது ஆண்டுகள் தாங்கிய தகைமையே! கோப்புகளில் தலைமைத் தொடக்க அலுவலர். எங்களுக்கு என்றும் கொடியக்காவே! வணக்கம்.

தலைக்கவச வார் தளர்ந்திருந்தால் சங்கத் தலைவர் வீட்டுப் பிள்ளையையும் தயங்காமல் காரிலிருந்து இறக்கிவிட்டவர் நீங்கள். ஆம்புலன்ஸ் தன் இடத்தில் நிற்பதைக் கண்ணால் கண்ட பிறகே கொடியை அசைத்தவர் நீங்கள். அந்த ஒழுங்குக்குத்தான் உங்கள் பணிப்பதிவேட்டில் "பிடிவாதத்தால் நாற்பது நிமிடத் தாமதம்" என்று எழுதி ஓய்வுக்கு வழியனுப்புகிறார்கள். என்ன அநியாயம் இது!

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது என்ன? கண்டம் முழுவதற்குமான பந்தயச் சம்மேளனத்தின் அதிகாரி விமான நிலையச் சாலை நெரிசலில் சிக்கிக்கொண்டார். அவரை அழைத்துவர ஆம்புலன்ஸை அனுப்பினார்கள்! சைரன் போட்டால் வழி கிடைக்குமாம்! பதினெட்டுக் கார்கள் உறும, கூட்டம் கூச்சலிட, தலைவர் மாடத்திலிருந்து கையை வீசி வீசி ஓய, நீங்களோ கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றீர்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? "அக்கா, ஆட்டிடுங்கக்கா, மேல இருந்து கத்துறாங்க" என்று வயர்லெஸ்ஸில் கெஞ்சினோம். "வண்டி வரட்டும்ப்பா. அதுவரைக்கும் கத்தட்டும்" என்றீர்கள். வண்டி வந்தது, பெட்டியோடு விருந்தாளி இறங்கினார். பந்தயம் ஒரு கீறலுமின்றி முடிந்தது. "ஒண்ணும் ஆகலையே, அப்புறம் எதுக்கு இந்த அம்மாவுக்கு இவ்வளவு வீம்பு?" என்றார் தலைவர்.

அந்தத் தாமதம் பற்றிய விசாரணையில், ஆம்புலன்ஸ் இடத்தைவிட்டு நகரவே இல்லை என்று நிர்வாகத்தினர் சாதித்தார்கள். எங்களைக் கேட்டபோது, வெட்கக்கேடு, "கவனிக்கலைங்க" என்று மழுப்பினோம். மறுநாள் வழக்கம்போல் எங்களுக்கும் சேர்த்தே தேநீர் சொன்னீர்கள். அது இன்னும் நெஞ்சைச் சுடுகிறது.

இன்று வாசிக்கச் சொல்லி நிர்வாகம் தந்த மடலில் "அனைவரையும் அனுசரித்துப் போனவர்" என்றிருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டோம்.

நலமும் நிம்மதியுமாய் நூறாண்டு கடந்து வாழுங்கள். யார் கத்தினாலும் கலங்காமல் வாழுங்கள்! சட்டமிட்ட இம்மடலைக் கூடத்துச் சுவரில் மாட்டுங்கள். நகலொன்று சம்மேளனத்துக்கும் இன்றே போகிறது. அந்த வண்டியில் வந்திறங்கியவரே வாசிக்கட்டும்.

விசாரணையில் சொல்லாததை இங்கே சொல்லிக் கையொப்பமிடுகிறோம்: அன்று ஆம்புலன்ஸ் அங்கே இல்லை. நாங்கள் பார்த்தோம்.

இங்ஙனம்,
பாதைக் காவலர்கள்
நேரக் கணிப்பாளர்கள்
வயர்லெஸ் அறையினர்
ஆம்புலன்ஸ் ஓட்டுநர்