முன்பக்க லிப்ட்

– இப்பல்லாம் மனுசங்க நேருக்கு நேரா திட்டக்கூட மாட்டேங்கிறாங்க, டாக்டரய்யா. முன்னெல்லாம் கோவம் வந்தா மூஞ்சிக்கு நேரா 'போய்யா'ன்னுட்டுப் போவாங்க, அத்தோட முடிஞ்சுது. இப்ப சிரிச்சுக்கிட்டே போய் கூட்டம் போடுறாங்க. வாசல்ல காவலுக்கு நிக்கிற ஒரு கிழவனை வேலையை விட்டுத் தூக்குறதுக்குப் பத்தாவது மாடியில கூட்டம்!

– புகார் நான் கொடுக்கல, பெரியவரே. அதைச் சொல்லத்தான் உங்களையும் மேல கூட்டிட்டுப் போறேன்.

– நான் பின்பக்க லிப்ட்டுக்குப் போகச் சொன்னது உங்களைத்தானே? நீங்க கொடுக்காம வேற யாரு கொடுப்பா?

– பார்த்தவங்க யாரோ. லிப்ட் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லுங்க. என்னை ஏன் நிறுத்தினீங்க?

– காலைப் பார்த்தேன். தேஞ்ச ரப்பர் செருப்பு, கையில குப்பைக் கூடை. வந்தவன் காலைப் பாரு, ரப்பர் செருப்போட வர்றவனைப் பின்னால அனுப்புன்னு வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க.

– ஏழாம் மாடிக்காரர் வெறுங்காலோட வர்றாரே?

– அவரு நீச்சல் குளத்துலேர்ந்து வர்றவரு.

– நிறுத்தினதுண்டா?

– அவரு மூஞ்சி எனக்குத் தெரியும்.

– ஒரு வருசமா தினமும் உங்களுக்கு வணக்கம் சொல்றேன். என் மூஞ்சி தெரியல. என் கறுப்பு நிறம் மட்டும் தெரிஞ்சுது.

– நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்.

– செருப்பை மாத்திக்கலாம், பெரியவரே. தோலைக் கழட்டி எங்க வைக்கிறது?

– மாத்திக்கலாமா? எங்கப்பன் மாத்தல, நானும் மாத்தல. நீங்க வாயைத் திறந்தா டாக்டர்னு தெரிஞ்சுடும். நான் வாயைத் திறந்தா இன்னும் ரெண்டு படி கீழ போயிடுவேன்.

– இங்க இருக்கிற எல்லாரும் உங்க நிறம், உங்க இனம்தானே?

– இனமா! இத்தனை வருசத்துல ஒருத்தராவது, 'சாப்டியா'ன்னு கேட்டிருப்பாங்களா? நல்லா சொன்னீங்க.

– போன மாசம் ஒரு நோயாளி, என் கறுப்புக் கை தன் மேல படக்கூடாதுன்னு வேற டாக்டரைக் கேட்டாரு. வெள்ளைக் கோட்டோடதான் நின்னேன்.

– சம்பளத்தைப் பிடிச்சாங்களா?

– இல்ல.

– அதான். உங்களுக்கு மனசு நொந்துச்சு. எனக்கு இந்த வேலை போனா கீழ்த்தளத்து அறையும் போகும். படுத்த படுக்கையா கிடக்கிற என் பொண்டாட்டியை எந்தத் தெருவுல கொண்டுபோய்ப் போடுவேன்?

– மனசு மட்டும்தான்னு நினைக்கிறீங்க. என் தம்பி சொந்தக் காரை ஓட்டிக்கிட்டுப் போனான். திருட்டுக் காருன்னு போலீஸ் அடிச்ச அடியில இடது கண்ணு போச்சு. அவன்கிட்ட பணம் இருந்துச்சு, பெரியவரே. அந்தக் காரை வாங்கினதே அந்தப் பணத்துலதான்.

– அடப்பாவிங்களா... சொல்லவேயில்லையே நீங்க.

– நீங்க கேக்கல.

– லிப்ட் வந்துருச்சு. ஏறுங்க.

– ஏய், ஏய்! ரெண்டு பேரும் இறங்குங்க! வேலையாளுங்களுக்குப் பின்பக்கம்னு தெரியாது? நாய் மிரளுது பாரு.

– நாலாம் மாடி அம்மா, இவரு ஒன்பதாம் மாடி டாக்டரு.

– ஐயய்யோ, டாக்டரா! மன்னிச்சுக்குங்க, இங்க வெளிச்சமே சரியில்ல. உங்களுக்காகத்தானே இன்னைக்குக் கூட்டமே! நிறத்தைப் பார்த்து மனுசனை நிறுத்துறவன் நம்ம வாசல்லயே நிக்கக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்தது நான்தான். வாங்க, உள்ள வாங்க. நீ இறங்குய்யா, பின்பக்கமா வா.

– இப்ப நீங்க பேசினது உங்க காதுல விழுந்துச்சா, மேடம்?

– அதான் மன்னிப்புக் கேட்டுட்டேனே, டாக்டர்!

– ஆமாங்கய்யா, கேட்டுட்டாங்க. உங்களை இறங்கச் சொன்னது தப்புன்னு அந்தம்மாவுக்கே தெரியுது. என்னை இறங்கச் சொன்னதுல தப்பு எங்க இருக்குன்னு இப்பவும் தேடிக்கிட்டிருக்காங்க.

– நில்லுங்க, பெரியவரே. நானும் உங்ககூடவே படியில வர்றேன். ரெண்டு அவமானமும் ஒண்ணுதான்னு மேல போய்ச் சேர்ந்தே சொல்லுவோம்.

– ஒண்ணுன்னு எனக்கு இன்னும் தோணல. நான் மேல வரவும் இல்ல. கீழ போய் அவளைத் தூக்கி உக்கார வைக்கணும், துணியை மூட்டை கட்டணும். நீங்க படியேறுனா டாக்டர் உடம்பை நல்லா வச்சிருக்காரும்பாங்க. நான் படியிறங்குனா அடுத்த ஆளு எப்ப வருவான்னு கேப்பாங்க.