அரை டாக்டர் கேட்ட முழுக் கேள்வி

அவையை ஆளும் தலைவர் அவர்களே, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைத் தடவிக்கொண்டிருக்கும் மருத்துவமனைக் குழுவின் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகப் பிள்ளைகளைச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, உட்கார இடமில்லாமல் சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் தம்பிமார்களே, உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

மைக்கைக் கொஞ்சம் இறக்குங்கள் தம்பி. என்னை இனி உயர்த்த முடியாது, அதைத்தான் தாழ்த்த வேண்டும். ம், போதும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் நான். இதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் விரிப்பு வெளுத்தவள். எந்தக் கட்டிலின் விரிப்பு ஒரே நாளில் மூன்று முறை கீழே வந்தது என்று பார்த்தே, எந்தத் தாய் அன்று சாப்பிட்டிருக்கமாட்டாள் என்று சொல்லிவிடுவேன்.

எதற்காக இங்கே கூடியிருக்கிறோம்? நம் குழந்தைகள் வார்டில் இரண்டு இளம் டாக்டர்களுக்கு ஆறு வருஷப் பயிற்சி நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் வார்டு, மூன்று நாள் ஆய்வகம். காய்ச்சலில் கொதிக்கும் நெற்றியைத் தொட்ட கையே, அந்தக் குழந்தையின் ரத்தத்தையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்துக் குழந்தைகள் தும்மிவிட்டுத் துள்ளி எழும்போது, பதினோராவது குழந்தையை மட்டும் கிருமி ஏன் படுக்கையில் போடுகிறது? அதைத் தேடப் பழகும் பயிற்சி அது. பழகும் இருவரில் ஒருத்தி என் பேத்தி. ஐந்து வருஷம் முடிந்தது, ஒரு வருஷம் மிச்சம். இந்த மாதத்தோடு ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு, இருவரையும் வாரம் முழுக்க வார்டிலேயே போடவேண்டும் என்று செயலாளர் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். பெற்றோர்கள் கைதூக்கினால் தீர்மானம் நிறைவேறும். இதுதான் விஷயம்.

சற்று முன் செயலாளர் என்ன சொன்னார்? "வாசலில் நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், டாக்டர் எலிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நமக்கு அரை டாக்டர்கள் வேண்டாம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

ஐயா, அந்தப் பழமொழி வாய்மாறி வாய்மாறித் தேய்ந்துபோனது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பேரைக் கொன்றவன் இல்லை ஐயா, வேரைக் கண்டவன். ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன். அத்தனை வேரைத் தோண்டிய பிறகும் பாதிதான் தேறுவான் என்றால், தோண்டவே போகாதவனை என்னவென்று சொல்வது? ஓரிரு எழுத்து மாறினால் வைத்தியன் கொலைகாரன் ஆகிவிடுகிறான். ஒரு சொல்லின் பொருள் மாறினால் என்ன ஆகும் தெரியுமா? சொல்கிறேன்.

முதலில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். நானும் ஏசியவள்தான்.

"ஏண்டி, டாக்டருக்குப் படிச்சிட்டு எலிக்கூண்டு கழுவிட்டு இருக்கியா?" என்றேன்.

"கூண்டு கழுவ வேற ஆள் இருக்காங்க பாட்டி. நான் எலிக்குக் காய்ச்சல் வர வைக்கிறேன்."

"வர வைக்கவா இத்தனை வருஷம் படிச்சே? அது படிக்காமலே வருமே."

சிரியுங்கள், சிரியுங்கள். அவளும் சிரித்தாள். அதற்கு மேல் நான் சிரிக்கவில்லை. ஏன் என்று கேளுங்கள்.

போன கோடையில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகள் வார்டுக்கு வந்தாள். மூன்று வயசு. பட்டாணி என்று கூப்பிடுவார்கள், அத்தனை சிறிய உருவம். பிறந்ததும் தோளில் தடுப்பூசி போட்ட இடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆறிவிடும், அவளுக்குச் சீழ் கட்டிப் புண்ணாகவே நின்றது. தடுப்பூசியில் குற்றமில்லை, அதை அடக்கவேண்டிய ரத்த அணுக்களில்தான் குறை. பிறகு கழுத்தில் கட்டி. பிறகு ஈரலில் கட்டி. அவள் அம்மாவைப் பார்த்து எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று. "கையைக் கழுவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குறீங்களா?" அந்தப் பெண் தோல் உரியும்வரை கழுவினாள். கட்டி வந்துகொண்டே இருந்தது.

நம் ரத்தத்தில் வெள்ளணு என்று ஒன்று உண்டு. கிருமியைக் கண்டால் விழுங்கும். விழுங்கினால் போதுமா? செரிக்க வேண்டாமா? சில பிள்ளைகளின் அணுவுக்கு விழுங்கத் தெரியும், செரிக்கத் தெரியாது. கிருமி உள்ளேயே உட்கார்ந்து குடித்தனம் நடத்தும். லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வருவதே அரிது என்கிறார்கள். ஆனால் அந்தக் கோடையில் நம் ஆய்வகம் பதினொரு பிள்ளைகளுக்கு இந்தக் குறை இருப்பதாகச் சொன்னது. பட்டாணியும் அதில் ஒருத்தி.

பதினொன்றா? வார்டு சொன்னது, "ஆய்வகத்துல ஏதோ கோளாறு, அந்த ரிசல்ட் சீட்டையெல்லாம் தூக்கிப் போடுங்க." ஆய்வகம் சொன்னது, "எங்க மெஷின் சரியாத்தான் இருக்கு, உங்க பிள்ளைங்கதான் நோஞ்சான்." மாமியார் மருமகள் சண்டை தோற்றது. நடுவில் பட்டாணிக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் என் பேத்தி அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே போய், பட்டாணியின் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் அழவில்லை. "எல்லாம் எங்க நேரம் டாக்டர். வேற என்ன சொல்ல? நேரம் சரியில்லை" என்றாள்.

நாம் எல்லோரும் சொல்கிற சொல்தான் அது. ஆனால் அதைக் காதில் வாங்கியவளின் கண், சீட்டில் இருந்த ஒரு கட்டத்தின் மேல் விழுந்தது. கட்டத்தின் தலைப்பு, நேரம். உள்ளே எழுதியிருந்தது, பத்து இருபது. அந்தக் குழந்தைக்கு ரத்தம் எடுத்தவளே இவள்தான். எடுத்தது காலை ஆறே முக்காலுக்கு.

"பத்து இருபதா? எந்த நேரம் இது?"

"எல்லா நேரமும்தான் டாக்டர்."

"அது இல்லம்மா. சீட்டுல இருக்கிற நேரம்."

தாய்மார்களே, விஷயம் இவ்வளவுதான். ரத்தக் குழாயோடு போய் முடிவோடு திரும்பும் சீட்டு அது; ஆய்வகத்தார் நிரப்பிக்கொள்வார்கள் என்று வார்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார்கள். ரத்தம் வந்து சேர்ந்த நேரத்தை ஆய்வகத்தில் எழுதினார்கள். எடுத்த நேரத்தை யாருமே எழுதவில்லை. எடுத்த குழாய்கள் மாடிப்படி ஓரத்து ஜன்னல் திட்டில், ஒரு தட்டில், ஆள் வந்து எடுத்துப் போகும்வரை காத்துக்கிடந்தன. கோடை வெயில் நேராக விழும் ஜன்னல் அது. மூன்றரை மணி நேரம் வெந்த ரத்தத்தைப் பார்த்துத்தான், பிள்ளைகள் நோஞ்சான் என்று தீர்ப்பு எழுதினார்கள். அழுக்கு மூட்டையோடு அந்தத் தட்டைத் தாண்டி எத்தனை வருஷம் நான் நடந்திருப்பேன். ஒரு நாளாவது கேட்டேனா? இல்லை.

வார்டுக்கு, ரத்தம் எடுத்ததோடு வேலை முடிந்தது. ஆய்வகத்துக்கு, ரத்தம் வந்த பிறகுதான் வேலை தொடங்கியது. நடுவில் கிடந்த அந்த மூன்றரை மணி நேரம் யாருடையது? வார்டு டாக்டருக்கு அது தெரியுமா? தெரியாது. ஆய்வக விஞ்ஞானிக்குத் தெரியுமா? தெரியாது. அங்கே ஒரு கால், இங்கே ஒரு கால் என்று நின்றவளுக்குத்தான் தெரிந்தது. நீங்கள் அரை என்றீர்களே, அந்த அரைக்குத்தான் தெரிந்தது.

பதினொரு தாய்மார்களிடமும் மறுபடி ரத்தம் எடுக்கச் சம்மதம் கேட்டாள். ஒவ்வொரு குழாயையும் எடுத்த கையோடு தானே ஏந்திக்கொண்டு முற்றத்தைக் கடந்து ஓடினாள். ஒன்பது பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். இரண்டு பேருக்கு மட்டும் உண்மையிலேயே குறை இருந்தது. சீட்டுகளைக் குப்பையில் போட்டிருந்தால் அந்த இரண்டும் குப்பையோடு போயிருக்கும். அந்த இரண்டில் ஒருத்தி பட்டாணி. இன்று தினமும் மருந்து சாப்பிடுகிறாள். ஈரல் கட்டி கரைந்துவிட்டது. அப்பாவின் பேருந்தில் ஏறி, ஹாரனை நான்தான் அடிப்பேன் என்று அடம் பிடிக்கிறாளாம்.

என்ன இது, துண்டுச்சீட்டு? "நேரம் முடிந்துவிட்டது." எந்த நேரம் ஐயா? பேசத் தொடங்கிய நேரமா, மேடைக்கு வந்து சேர்ந்த நேரமா? தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

பட்டாணி சாப்பிடும் அந்த மருந்து காவல்தான், நோயைக் குணமாக்காது. அந்த அணு ஏன் செரிக்க மறுக்கிறது, அதற்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை. அந்தத் தேடலைத்தான் நடுவழியில் பூட்டுப் போட்டு நிறுத்தச் சொல்கிறார்கள். நாம் சும்மா இருக்கவேண்டுமாம். நோய் எதிர்ப்புச் சக்தி என்றுதானே பெயர்? நோய்ப் பணிவுச் சக்தி என்றா பெயர் வைத்தார்கள்? உடம்பே எதிர்த்து நிற்கும்போது, உடம்புக்கு உரியவர்கள் தலைகுனிந்து போவதா?

யாரோ கேட்கிறீர்களே, என்னம்மா? "எங்க பையன் ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னானே, அதுக்கு என்ன பதில்?" நியாயமான கேள்வி. நான் மழுப்பமாட்டேன். வரிசை நீளம்தான். இன்னும் நாலு டாக்டர் வேண்டும், அதைக் கேட்க நானும் உங்களோடு வருவேன். ஆனால் ஒன்று சொல்லுங்கள், அந்த வரிசையில் நிற்பது யார்? போன மாதம் நின்ற அதே பிள்ளைதானே இந்த மாதமும் நிற்கிறது? அதே காய்ச்சல், அதே சளி, அதே சீட்டு. இந்த வருஷத்தில் ஒரே நோய்க்கு மூன்று முறைக்கு மேல் இங்கே வந்தவர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்.

கேள்வி கேட்ட அம்மாவும் தூக்கிவிட்டீர்கள். சுவரோரத் தம்பிமார்களும். செயலாளர் ஐயா, திரும்பிப் பாருங்கள். உங்கள் வரிசை இதுதான். வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தால், வரிசை குறையுமா, வளருமா?

யாரும் கையை இறக்காதீர்கள். ஆய்வகத்தைப் பூட்டலாம் என்று நினைப்பவர்கள் மட்டும் இறக்கிக்கொள்ளலாம், கோபிக்கமாட்டேன். பூட்டக்கூடாது என்பவர்கள் அப்படியே வைத்திருங்கள். கை வலிக்கும், பரவாயில்லை, பிள்ளையைச் சுமந்த கைதானே.

ஒருவர் இறக்கினார். சரி. இன்னொருவர். அந்த அம்மா இறக்கவில்லை.

தலைவர் அவர்களே, எண்ணத் தொடங்குங்கள். எண்ணி முடித்து, எண்ணிக்கையை இந்த மைக்கில் சொல்லும்வரை நான் இந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன். கேட்ட காதுகளுக்கு என் நன்றி. உயர்ந்து நிற்கும் ஒவ்வொரு கைக்கும் என் வணக்கம்.