‘வானூர்தி ஏறாத வைராக்கியமே’ என்ற வரியை அடித்துவிட்டோம்

வாட்டில் கிரீக் நூலகத்தின் தலைமை நூலகராக இருந்து இன்று பணிநிறைவு பெறும் திருமதி கிளெனிஸ் பாஸ்கோ அவர்களுக்கு, உடன் பணிபுரிந்தோர் அன்போடும் கொஞ்சம் அச்சத்தோடும் வாசித்தளிக்கும் மடல்

நூல்களின் நாயகியே! கம்பளிச் சட்டைகளையும் கடன்கொடுத்த கருணையே! கெட்டிலில் ஒரு கோப்பைத் தண்ணீர் கூடினாலும் கொதித்தெழும் கோபமே! துணி உலர்த்தும் இயந்திரத்தைத் தூக்கியெறிந்துவிட்டு, வெயிலையும் காற்றையும் வேலை வாங்கத் தெரிந்த வித்தகியே!

இதற்கடுத்து இன்னொரு விளி இருந்தது. அதை அடித்துவிட்டோம். கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். எழுதியவர் தங்கள் தோழி லியான், காலையில் சட்டத்தைக் கழற்றி அடித்து, கீழே உள்ளதைப் புதிதாக எழுதிச் சேர்த்தவரும் அவரே. காரணத்தைச் சொல்கிறோம். அதற்குமுன் முறைப்படி பாராட்டிவிடுகிறோம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடித்துவிடுவோம்.

ஒரு காலத்தில் தாங்களும் எங்களைப்போலத்தான். கூப்பிடு தூரத்து ரொட்டிக் கடைக்கும் காரில் போனவர்தான். காட்டுத்தீயின் புகை ஊரை மூடிய அந்தக் கோடைதான் தங்களை மாற்றியது. பகலிலேயே வானம் செம்பழுப்பாகிவிட, ஊரில் பாதிப்பேர் இந்த அலமாரிகளுக்கிடையே படுத்துக் கிடந்தார்கள். கதவிடுக்குகளில் ஈரத்துண்டு வைத்துக்கொண்டே இருந்தீர்கள். தங்கள் தம்பி ராஸ் அப்போது தீயணைக்கும் தொண்டர்களோடு மலைமேல் இருந்தார். இறங்கி வந்தவர் இந்தப் படியில் உட்கார்ந்து இருமிய இருமலைக் கேட்டவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அந்த இருமல் அவரை விட்டுப் போகவே இல்லை. கடற்காற்று ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொன்னதும் அவர் கண்டத்தின் மறுகோடியிலுள்ள பெர்த்துக்குக் குடிபோனார். தாங்கள் இங்கேயே இருந்து, நாம் விடும் புகையால் பூமி சூடாவதால்தான் காடு எரிகிறது என்று, கண்ணில் பட்ட ஒவ்வொரு சுவிட்சோடும் சண்டையைத் தொடங்கினீர்கள்.

அன்றிலிருந்து எங்கள் தேநீரறையில் நிம்மதி இல்லை.

"எத்தன பேருக்கு டீ?"

"மூணு பேருக்கு, கிளெனிஸ்."

"அப்புறம் எதுக்கு ராசா ஊருக்கே குளிக்கத் தண்ணி வெச்சிருக்க?"

அந்த ராசா, நூலக வண்டி ஓட்டும் ட்ரெவர், அன்று கெட்டிலில் கூடிய தண்ணீரைக் குறைத்தவன்தான். இன்றுவரை கோப்பையால் அளந்துதான் ஊற்றுகிறான். எங்காவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடினால், யார் வண்டியானாலும் கண்ணாடியைத் தட்டி அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்வீர்கள். குளிர்காலத்தில் ஹீட்டரைக் கூட்டச் சொல்லி வந்தவர்களுக்கு, வாசலோர அலமாரியிலிருந்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து, புத்தகத்துக்குப் போடுவதுபோல் தேதி முத்திரை குத்திய சீட்டோடு கொடுத்தீர்கள். நனைத்துக் கொண்டுவந்தவர்களிடம் தண்டம்கூட வசூலித்தீர்கள்!

குளிர்காற்று புகாதிருக்கப் பழைய ஜீன்ஸ் கால்களில் மணலை அடைத்துத் தாங்கள் தைத்த கதவுப் பாம்புகள் இந்த ஊரில் எந்தக் கதவடியில்தான் இல்லை? ஒருநாள் மாலை, கதவோரம் சுருண்டு கிடந்த நிஜமான பழுப்புப் பாம்பையே, "இத யாரு நேரா வெக்காம போனது?" என்று காலால் தள்ளப்போனீர்களே, அன்று லியான் போட்ட கூச்சல் அஞ்சலகம்வரை கேட்டதாம்.

பார்பிக்யூ நாளில் ஆட்டிறைச்சிக்குப் பக்கத்தில் தங்கள் பயறு வடையும் வேகும். "இத என் நாய்க்குப் போட்டேன் கிளெனிஸ், அதுவே என்னைய முறைச்சிச்சு" என்பான் ட்ரெவர். ஆனால் இரண்டு தின்பான்.

ஒருமுறை அவன் விளையாட்டை விட்டுவிட்டுக் கேட்டான்.

"நெசமாவே கேக்குறேன். நாம ஒரு கப்பு தண்ணி கொறச்சா ஒலகம் பொழச்சுருமா?"

"தெரியல ராசா. பொழைக்காமலும் போகலாம். ஆனா கை சும்மா இருந்தா எனக்குப் பயம் கூடிப்போகுது."

அந்தப் பதில் எங்களை உலுக்கிவிட்டது. தாங்கள் உறுதியானவர் என்றுதான் நினைத்திருந்தோம். பயந்தவர் என்று அன்றுதான் தெரிந்தது. அதன்பிறகுதான் நாங்களும் துணிகளைக் கொடியில் போட ஆரம்பித்தோம். காற்று திசை மாறினால் இன்று நாங்களும் வாசலுக்கு வந்து புகை வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்க்கிறோம்.

இனி அந்த அடித்த வரிக்கு வருகிறோம்.

அந்தக் கோடைக்குப் பிறகு தாங்கள் விமானம் ஏறவில்லை. ராஸைப் பார்க்க நாட்கணக்கில் ரயிலில் போய், கால் வீங்கித் திரும்பி வருவீர்கள். "அக்கா, நீ ரயில்ல வந்து சேர்றதுக்குள்ள என் தாடி தரையத் தொட்டுரும்" என்று அவர் தொலைபேசியில் கேலி செய்வது எங்களுக்கும் கேட்கும். நாங்களோ அதைப் பெருமையாக்கிக்கொண்டோம். பக்கத்து ஊர் நூலகர்களிடமெல்லாம் பீற்றினோம். ‘பறக்காத நூலகரின் ஊர்’ என்று ட்ரெவர் வண்டியின் முதுகில் பெரிதாக எழுதினான். இந்த மடலிலும் பொன்னெழுத்தில் ‘வானூர்தி ஏறாத வைராக்கியமே!’ என்று போட்டோம். மெச்சி மெச்சியே தங்களை ஒரு கூண்டில் அடைத்துவிட்டோம் என்பது நேற்றுவரை எங்களுக்கு உறைக்கவில்லை.

செவ்வாயன்று பெர்த்திலிருந்து செய்தி வந்தது: ராஸ் மருத்துவமனையில், முகத்தில் மூச்சுக் கவசத்தோடு. பார்க்க வேண்டியவர்கள் தாமதிக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தாங்களோ புதன்கிழமையும் எட்டரைக்கு மிதிவண்டியில் வந்து, திரும்பிய நூல்களை அடுக்கினீர்கள். லியானுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் இங்க என்னடி பண்ற? கெளம்பு!"

"ஞாயித்துக்கெழம ரயிலு இருக்கு."

"ரயிலா? அவன் இருக்கிற இருப்புக்கு ரயிலா?"

"நாளைக்கு ஊரையே கூட்டி, நான் பிளேன் ஏறாதவள்னு படிக்கப் போறீங்க. அன்னிக்கு ராத்திரியே நான் அதுல ஏறி உக்காரணுமா?" என்றீர்கள். பிறகு குரல் இறங்கியது. "அவன் நெஞ்சுல போன பொகைக்காகத்தான் லியான், நான் அத விட்டேன். அவனப் பாக்கவே பொகை விட்டுக்கிட்டுப் போறதா?"

தாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் நாங்கள் காரைத் தொடாமல் இருந்தால் அந்த விமானப் புகை ஈடாகிவிடும் என்று பசப்ப மாட்டோம்; ஈடாகாது. அப்படிப்பட்ட கணக்கைத் தாங்கள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் ஒன்று தெரியும். தாங்கள் தயங்குவதில் பாதி எங்கள் பொன்னெழுத்தால். அந்தப் பாதியையாவது எடுத்துவிட வேண்டும் என்றுதான் வரியை அடித்தோம். வண்டி முதுகில் இருந்ததை ட்ரெவர் காலையிலேயே சுரண்டிவிட்டான். இனி இந்த ஊரில் தங்களைப் பறக்காதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். யாராவது முணுமுணுத்தால் லியான் பார்த்துக்கொள்வார். அவர் வாயைத் தாங்கள் அறிவீர்கள்.

இன்று மாலை பெர்த் போகும் விமானத்தில் தங்கள் பெயருக்கு இடம் பிடித்திருக்கிறோம், தங்களைக் கேட்காமல். திட்டுவதை வழியில் வைத்துக்கொள்ளுங்கள். பூந்தொட்டிக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துத் தங்கள் பெட்டியைக் கட்டிவிட்டோம். கொடியில் கிடந்த துணிகளைத்தான் மடித்து வைத்தோம். வெயில் போதவில்லை, காலுறைகள் இன்னும் ஈரம். அதற்காக எங்கள் வீட்டு உலர்த்தும் இயந்திரத்தில் போட எங்களுக்குத் துணிவு வரவில்லை.

கதவுப் பாம்புகளை மாலைதோறும் நாங்கள் கிடத்துவோம். கம்பளிச் சட்டைகளுக்கு முத்திரை குத்துவோம். பயறு வடையும் சுடுவோம். தின்பவர் பாடு அவர்களோடு.

மடலின் கடைசியில் பல்லாண்டு வாழ்க என்று தங்களை வாழ்த்துவது மரபு. அந்த வாழ்த்தைத் தங்கள் கையில் தந்து ராஸுக்கு அனுப்புகிறோம். ராஸ், உங்கள் அக்கா ரயிலில் வரவில்லை. தாடி வளரக் காத்திருக்க வேண்டாம். மூச்சை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேக்கை நாங்கள் வெட்டிக்கொள்கிறோம். எழுந்திருங்கள், கிளெனிஸ். ட்ரெவர் வாசலில் நிற்கிறான். எஞ்சினை அணைத்துத்தான் வைத்திருக்கிறான். தாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கிளப்புவான்.

வழிமேல் விழி வைத்திருக்கும்
வாட்டில் கிரீக் நூலகப் பணியாளர்கள்